குப்பை லாரி வாரத்தில் மூன்று நாள் வரும், மூன்றும் ஒன்றல்ல

போன வாரம் காலையில் லாரி சத்தம் கேட்டதும் எதிர்வீட்டுப் பாட்டி கறுப்புப் பையோடு ஓடி வந்தார். லாரியில் வந்த தம்பி பையைத் தொட்டுப் பார்த்துவிட்டு, தலையாட்டிவிட்டு, அங்கேயே வைத்துப் போய்விட்டார். உள்ளே மீன் முள், எறும்பு மொய்த்த பால் டின், குழம்பில் நனைந்த நாளிதழ். "திங்கக்கிழமை எடுத்தானே, இன்னிக்கு என்னப்பா வந்துச்சு இவனுக்கு?" என்று பாட்டி என்னைக் கேட்டார். மலேசியாவின் நெகிரி செம்பிலானில், பகாவ் பக்கம் எங்கள் தாமானில் (குடியிருப்பில்) பாதிப் பேருக்கு இன்னும் இதே கேள்விதான்.

அன்று வந்தது மறுசுழற்சி லாரி. எங்கள் ஊர்க் குப்பையை ஆள்வது 2007-இல் இயற்றப்பட்ட 672-ஆம் சட்டம், அதாவது திடக்கழிவு, பொதுத் துப்புரவு மேலாண்மைச் சட்டம். 2011 செப்டம்பர் 1 முதல் நடப்பில் உள்ளது. நெகிரி செம்பிலான், ஜொகூர், மலாக்கா, பகாங், கெடா, பெர்லிஸ் ஆகிய ஆறு மாநிலங்களும் கோலாலம்பூரும் புத்ராஜெயாவும் இதற்குள் வருகின்றன. பேராக் மாநிலத்துச் சுங்கை சிப்புட்டில் இருக்கும் சொந்தக்காரர் "எங்க ஊர்ல அப்படி ஒண்ணும் இல்லையே" என்றால் அவர் சொல்வதும் சரிதான். பேராக்கும் சிலாங்கூரும் இதில் சேரவில்லை. பினாங்கும் சேரவில்லை, ஆனால் பிரித்துப் போடும் விதியை 2016-இல் தானாகவே கொண்டுவந்தது.

சட்டம் நடக்கும் இடங்களில் குப்பையை வீட்டிலேயே பிரிப்பது 2015 செப்டம்பர் 1 முதல் கட்டாயம். சாதாரணக் குப்பைக்கு வாரம் இரண்டு நாள். மறுசுழற்சிப் பொருள், தோட்டக் குப்பை, பழைய மெத்தை, அலமாரி போன்ற பெரிய சாமான்களுக்கு ஒரு நாள். எந்தக் கிழமை என்பது தாமானுக்குத் தாமான் மாறும். லாரிக்கென்று யாரும் தனிக் காசு கேட்க முடியாது. சுக்காய் பிந்து (வீட்டு வரி) கட்டுகிறோமே, அதோடு சரி.

பிரிக்காவிட்டால்? 2016 ஜூன் 1 முதல் அபராதம் உண்டு. தரைவீட்டுக்காரருக்கு முதல் முறை 50 வெள்ளி (ரிங்கிட்), இரண்டாம் முறை 100, மூன்றாம் முறை 500. அதற்கு மேல் வழக்கு நீதிமன்றம் போனால் 1,000 வெள்ளி வரை. சாலையிலும் பொது இடத்திலும் குப்பை வீசுவது வேறு குற்றம். 2026 ஜனவரி 1 முதல் அதற்கு 2,000 வெள்ளி வரை அபராதத்தோடு 12 மணி நேரம் வரை சமூக சேவையும் விதிக்கலாம். பஸ் ஸ்டாண்டில் சிகரெட் துண்டைக் காலால் தேய்த்துவிட்டு நடக்கிறவர்கள் இதை இரண்டு முறை படிக்கலாம்.

பிரிப்பது பெரிய வித்தை இல்லை. காகிதம் ஒரு பை, பிளாஸ்டிக் ஒரு பை, டின், கண்ணாடி, பழந்துணி, செருப்பு, கெட்டுப்போன சின்ன மின்சாதனம் இன்னொரு பை. டின்னைக் கழுவ வேண்டும், பாட்டிக்கு நான் சொன்னதே அதுதான். ஒரு முட்டி தண்ணீர் ஊற்றிக் குலுக்கினால் போதும். "எல்லாத்தையும் ஒரே லாரியிலதானே கொட்டுறான்" என்று பலர் சொல்கிறார்கள். சாதாரண நாளில் வருவது குப்பையை அமுக்கும் லாரி. அதற்குள் போன காகிதத்தில் மீன் தண்ணீர் ஏறிவிடும், அப்புறம் அது எந்த ஆலைக்கும் ஆகாது. தனி நாள் ஒதுக்கியதே அதற்காகத்தான். பழைய பேப்பர் வாங்க வரும் வேன்காரரிடம் எடை போட்டு விற்றாலும் தப்பில்லை. விதி கேட்பது பிரிக்கச் சொல்லித்தான், லாரிக்கே தரச் சொல்லி அல்ல.

தோட்டத்து லயத்தில், அதாவது தொழிலாளர் வரிசை வீடுகளில், இருப்பவர்கள் கதை வேறு. தோட்டம் தனியார் நிலம் என்பதால் லாரி கேட்டுக்குள் வருமா என்பது இடத்துக்கு இடம் மாறுகிறது. லாரி வராத லயத்தில் குப்பைக்கு யார் பொறுப்பு என்று தோட்ட ஆபீஸில் முதலில் கேட்டுவிடுங்கள், தனியாகப் போகாமல் நாலு வீட்டுக்காரராகச் சேர்ந்து. "கொல்லையில் குழி தோண்டிக் கொளுத்திவிடலாம்" என்ற பழைய பழக்கம் இனி ஆகாது. 1974-ஆம் ஆண்டு சுற்றுச்சூழல் தரச் சட்டம் திறந்தவெளியில் எரிப்பதைத் தடுக்கிறது, அதன் தண்டனையோடு ஒப்பிட்டால் மேலே சொன்ன 50 வெள்ளி ஒன்றுமே இல்லை.

எனக்கு ஒரு குறை உண்டு. இந்த விதி காய்ந்த பொருளைப் பிரிக்கச் சொல்கிறது, நாறுவதோ ஈரக் குப்பை. 2012-இல் அரசாங்கம் எடுத்த ஆய்வில் வீட்டுக் குப்பையில் உணவு மட்டும் 44.5 விழுக்காடு. குழந்தைகளின் டயாப்பர் 12.1. டயாப்பருக்கு முடிச்சுப் போட்டு சாதாரணத் தோங்கில் (குப்பைத் தொட்டியில்) போடுவதைத் தவிர நமக்கு வழியில்லை. உணவுக்கு வழி இருக்கிறது.

எங்கள் மாரியம்மன் கோயில் பின்கட்டில் இப்போது உணவுக் கழிவை உரமாக்கும் தக்காகுரா கூடை வைத்திருக்கிறோம். ஜப்பானிய வல்லுநர் ஒருவர் இந்தோனேசியாவின் சுராபாயா நகருக்காக உருவாக்கிய முறை இது. தவிடும் உமியும் கலந்து, தெம்பே (புளித்த சோயா), தாப்பாய் (புளித்த சோறு) ஊறிய சர்க்கரைத் தண்ணீரைத் தெளித்து, துணி போட்டு மூடினால் சில நாளில் வெள்ளைப் பூஞ்சை படரும். அதை அட்டை விரித்த, அழுக்குத் துணி போடும் கூடையில் நிரப்பி, அன்னதானத்தில் மிஞ்சிய காய்கறியைப் பொடியாக நறுக்கிப் போட்டுக் கிளற வேண்டும். கை வைத்தால் சூடாக இருக்கும். சூடு இருந்தால் வேலை நடக்கிறது என்று அர்த்தம். புளித்த தாப்பாய் வாசனை வருமே தவிர அழுகல் நாற்றம் வராது. வந்தால் ஈரம் கூடிவிட்டது, இன்னும் தவிடு சேருங்கள்.

வாழை இலையை முழுசாகப் போடாதீர்கள். முதல் திருவிழாவில் அதைச் செய்துவிட்டு, மூன்று வாரம் கழித்தும் இலை இலையாகவே கிடந்தது. இப்போது பூசாரி ஐயா கத்தரிக்கோலோடு உட்கார்ந்துவிடுகிறார்.