பானை விட்டதை ஃப்ரிட்ஜ் பிடித்தது

பங்குனி பிறந்ததும் எங்கள் தருமபுரி வீட்டில் அம்மா அடுப்படி மூலையில் மணலைக் கொட்டி, அதன்மேல் மண்பானையை வைத்துவிடுவார். பக்கத்திலேயே ஃப்ரிட்ஜ் இருந்தாலும் குடிக்கப் பானைத் தண்ணீர்தான். இரண்டும் செய்வது ஒரே வேலை.

பானையைத் தடவிப் பாருங்கள், கையில் ஈரம் ஒட்டும். சுடுமண்ணின் நுண்துளைகளில் கசிந்த நீர் அது. ஆவியாவதற்கு வேண்டிய வெப்பத்தை அது பானையிலிருந்தே எடுத்துக்கொள்கிறது. 10 லிட்டர் பானையில் 100 மில்லி ஆவியானாலே, வெளிச்சூடு உள்ளே ஏறாதவரை, மீதித் தண்ணீர் 5 டிகிரிக்கு மேல் குளிர்ந்துவிடும். கோடையில் நம் பக்கத்துக் காற்று வறண்டது, ஈரத்தை விழுங்கிக்கொள்ளும். கடலோரச் சென்னையில் காற்றே ஈரமாக இருப்பதால் அதே பானை அவ்வளவு குளிராது. அந்தச் சென்னைக்குத்தான் அமெரிக்காவின் பாஸ்டன் பக்கத்து ஏரிகளில் வெட்டிய பனிக்கட்டியை மரத்தூளில் பொதிந்து கப்பலில் கொண்டுவந்தார்கள். அதை வைக்கக் கட்டிய ஐஸ் ஹவுஸ்தான் இன்றைய விவேகானந்தர் இல்லம்.

பானைக்கு ஒரு குறை: ஆவியானது போனதுதான். 18ஆம் நூற்றாண்டின் நடுவில் ஸ்காட்லாந்தின் வில்லியம் கல்லன், காற்றை உறிஞ்சியெடுத்த கலத்தில் ஈதர் என்ற, சட்டென ஆவியாகும் திரவத்தைக் கொதிக்கவிட்டுப் பனிக்கட்டி உண்டாக்கிக் காட்டினார். அந்த ஈதரும் போனதுதான். 1834இல் லண்டனில் ஜேக்கப் பெர்கின்ஸ் காப்புரிமை பெற்ற இயந்திரம்தான் ஆவியைத் திரும்பப் பிடித்து மறுபடியும் திரவமாக்கியது. என்னைக் கேட்டால் ஃப்ரிட்ஜ் பிறந்தது அன்றுதான்.

எப்படிப் பிடிக்கிறது? உள்ளே இருக்கும் குழாய்களில் குறைந்த அழுத்தத்தில் திரவம் கொதித்து, பாலிலும் தக்காளியிலும் உள்ள சூட்டை எடுத்துக்கொள்கிறது. அந்த ஆவியைக் கம்ப்ரசர் இழுத்து அமுக்குகிறது. சைக்கிளுக்குக் காற்றடிக்கும்போது பம்ப் சுடுமே, அதுபோல ஆவியும் சூடேறும். அழுத்தத்தில் இருப்பதால் 50 டிகிரியில்கூடத் திரவமாகிவிடும். சூட்டை அறைக்குள் விட்டுவிடும். பிறகு ஊசி போன்ற கேபிலரி குழாயைத் தாண்டியதும் அழுத்தம் சட்டென இறங்கி, திரவம் மறுபடியும் சில்லிடும். ஃப்ரிட்ஜின் பின்புறமோ பக்கவாட்டோ சுடுகிறதென்றால், பாலிலிருந்த சூடும் கம்ப்ரசர் தின்ற கரண்டும் அங்கே வெளியேறுகின்றன. கதவைத் திறந்து வைத்தால் அறை குளிராததும் அதனால்தான்.

எந்தத் திரவம் என்பதில்தான் பெரும்பாடு. தொடக்கத்தில் அம்மோனியா, கந்தக டை ஆக்சைடு. கசிந்தால் உயிருக்கே ஆபத்து. அந்தப் பயத்தில் ஐன்ஸ்டைனே லியோ சிலார்டு என்ற இயற்பியலாளருடன் சேர்ந்து, அசையும் பாகமே இல்லாத ஃப்ரிட்ஜுக்கு 1930இல் அமெரிக்கக் காப்புரிமை வாங்கினார். அதற்குள் அமெரிக்காவின் தாமஸ் மிட்ஜ்லியின் குழு ஃப்ரீயான் என்ற குளிர்விக்கும் வாயுவைக் கண்டுபிடித்துவிட்டது. நஞ்சில்லை, தீப்பிடிக்காது, வீட்டுக்கு வீடு ஃப்ரிட்ஜ் நுழைந்தது அதன் பிறகுதான். ஆனால் அந்த வாயு ஓசோனை அரிக்கும் என்று 1974இல் வேதியியலாளர்கள் மொலினாவும் ரௌலண்டும் எச்சரித்தார்கள். அத்தகைய வாயுக்களைக் கட்டுப்படுத்த 1987இல் மாண்ட்ரியல் உடன்படிக்கை வந்தது. இன்று புதிய ஃப்ரிட்ஜ்கள் பலவற்றில் இருப்பது ஐசோபியூட்டேன், நம் சமையல் கேஸின் பங்காளி.

சென்ற மாதம் எங்கள் ஃப்ரிட்ஜில் கேஸ் போய்விட்டது. மெக்கானிக் ஃப்ரிட்ஜின் பின்னால் ஒட்டியிருந்த சீட்டில் ‘ஆர் 600ஏ’ (அதாவது, தீப்பிடிக்கும் அந்த ஐசோபியூட்டேன்) என்று படித்ததுமே, “அம்மா, அடுப்ப அணைச்சிட்டு ஜன்னலைத் திறந்து வைங்க” என்றார். அவர் தராசில் எடை பார்த்து ஏற்றியது 50 கிராம்கூட இல்லை. அது உள்ளே குளிரத் தொடங்கும்வரை அவருக்கும் எங்களுக்கும் பானைத் தண்ணீர்தான்.