தீவோரம் நங்கூரம் போட்டு ஒரு ராத்திரி தங்கலாமா?

மாட்டுத்தாவணியில் பஸ் ஏறினால் மூன்றரை, நாலு மணி நேரத்தில் ராமேஸ்வரம் பக்கத்து மண்டபம். அதனாலோ என்னவோ, மதுரைக்காரர்களுக்கு அந்தக் கடலும் நம்ம ஊர்க் கண்மாய் மாதிரிதான். ‘ஒரு படகு பிடித்து, ஏதாவது தீவுப் பக்கம் ஒதுங்கி, ராத்திரி அங்கேயே தங்கிவிட்டு வரலாமா?’ என்று கேட்காத நண்பர்கள் எனக்குக் குறைவு. தீவுக் கரையில் இறங்கக் கூடாது என்பது அவர்களில் பலருக்குத் தெரியும். ‘இறங்க மாட்டோமே, படகிலேயேதானே படுக்கப் போகிறோம்’ என்பார்கள். சிக்கலே அங்கேதான்.

பாம்பன் பக்கத்திலிருந்து தூத்துக்குடி வரை வரிசையாகக் கிடக்கும் 21 தீவுகள் 1986-இல் மன்னார் வளைகுடா கடல்வாழ் தேசியப் பூங்கா ஆயின. பூங்காவின் பரப்பு 560 சதுர கிலோமீட்டர். தீவுகளின் மணல் திட்டுகளை மட்டும் அளந்தால் இதில் ஒரு மூலைகூட நிரம்பாது. மற்றதெல்லாம் தண்ணீர். ஒவ்வொரு தீவையும் சுற்றி, கரையைப் பார்த்த பக்கம் மூன்றரைப் பாகம் ஆழம் வரைக்கும், ஆழ்கடல் பக்கம் ஐந்து பாகம் வரைக்கும் பூங்காதான். ஒரு பாகம் என்பது இரண்டு கையையும் விரித்தால் வரும் நீளம், ஆறடி. அப்படியானால் சுமார் இருபது அடியிலிருந்து முப்பது அடி ஆழம். சின்னப் படகில் வருபவர் நங்கூரம் இறக்கத் தேடுவதும் இதே ஆழத்தைத்தான். தீவு காற்றை மறைத்து, தண்ணீர் தெப்பக்குளம் போல அசையாமல் கிடக்கும் இடம் எதுவோ அதுவே பூங்காவுக்குள் இருக்கிறது.

1972-ஆம் ஆண்டு வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தின் 27, 28-ஆம் பிரிவுகள் தேசியப் பூங்காவுக்கும் பொருந்தும். அனுமதிச் சீட்டு இல்லாமல் உள்ளே நுழையக் கூடாது. ஆராய்ச்சி, படம் எடுப்பது, சுற்றுலா போன்ற காரணங்களுக்கு அனுமதி தரலாம் என்று சட்டமே சொல்கிறது. தருவதும் மறுப்பதும் தலைமை வன உயிரினக் காப்பாளரின் கையில். மீறினால் 3 ஆண்டு வரை சிறை, அல்லது 1 லட்சம் ரூபாய் வரை அபராதம், இல்லை இரண்டுமே. ‘அழகா இருக்கே’ என்று ஒரு பவளத் துண்டை எடுத்துப் பையில் போட்டால் கணக்கு வேறு. பவளம் அந்தச் சட்டத்தின் முதல் அட்டவணையில், அதாவது உச்சப் பாதுகாப்புப் பட்டியலில் இருக்கும் உயிர். அதற்குக் குறைந்தபட்சமே 3 ஆண்டு, அதிகபட்சம் 7.

சரி, அந்த வழியாகக் கடந்து போகலாமா? போகலாம். கடல் எல்லைக்குள் யாருக்கும் தீங்கில்லாமல் கடந்து செல்லும் படகின் உரிமையைப் பூங்கா அறிவிப்பு பாதிக்காது என்று சட்டத்தில் தனியாகவே எழுதியிருக்கிறார்கள். கடந்து போவது வேறு, நங்கூரம் போட்டு நிற்பது வேறு.

நங்கூரத்துக்கு ஏன் இவ்வளவு கெடுபிடி என்று நானும் ஒரு காலத்தில் நினைத்ததுண்டு. மண்டபத்தில் ஒரு நாட்டுப்படகுக்காரர் கரையில் குந்தியபடியே விரலால் மணலில் வரைந்து காட்டினார். நடுவில் ஒரு புள்ளி, அது நங்கூரம். “காத்து திரும்பத் திரும்ப வள்ளமும் சுத்தும் தம்பி. கயிறு சும்மா கிடக்குமா? அடியில இருக்கிறத எல்லாம் வழிச்சுக்கிட்டே வரும்” என்று புள்ளியைச் சுற்றி ஒரு வட்டம் இழுத்தார். அந்த வட்டத்துக்குள் பவளம் இருந்தால் உடையும், கடல்பசு மேயும் கடற்புல் இருந்தால் வேரோடு வரும். “அப்ப ராத்திரி எங்கதான்ணே நிப்பாட்டுவீங்க?” என்றேன். “காத்தப் பொறுத்து” என்றார்.

அது வெறும் பேச்சில்லை. தென்மேற்கிலிருந்து கச்சான் காற்று வீசும் ஆனி, ஆடி மாதங்களில் மன்னார் வளைகுடாப் பக்கமான தென்கடல் கொந்தளிக்கும், பாக் விரிகுடாப் பக்கமான வடகடல் அடங்கிக் கிடக்கும். ஐப்பசி, கார்த்திகையில் வாடை பிடித்தால் அப்படியே தலைகீழ். மண்டபத்தில் வடக்கே ஒரு கரை, தெற்கே ஒரு கரை. தீவைத் தேடி அலையாமலே, ஊர்க்கரையில் மீனவர் படகுகள் நிற்கும் இடத்துக்குப் பக்கத்தில் அமைதியான தண்ணீர் கிடைக்கும். அங்கே தங்குவதாக இருந்தாலும் மரைன் போலீஸில் சொல்லிவிட்டு நிற்பது நல்லது. இலங்கை எல்லை பக்கத்திலேயே இருப்பதால், ராத்திரியில் தெரியாத படகு நின்றால் விசாரிக்க வருவார்கள். அதில் தப்பு சொல்ல முடியாது.

‘தீவுல நைட் கேம்ப், மீன் வறுவலோட’ என்று வாட்ஸாப்பில் விளம்பரம் வரும். ஒரு முறை நாங்கள் நாலு பேர் முன்பணம் கட்டி ஏமாந்தோம். மண்டபம் போய் இறங்கியதும் அந்த ஆள் போனையே எடுக்கவில்லை. எடுத்திருந்தால் இன்னும் மோசம் என்று இப்போது தோன்றுகிறது. பூங்காவுக்கு ஆபத்து வரும்படி உள்ளே தீ மூட்டுவதும் தனிக் குற்றம். மீன்பிடிக்கப் பதிவான படகில் சுற்றுலாப் பயணிகளை ஏற்றிப் போவதும் சரியில்லை.

தீவைப் பார்த்தே ஆக வேண்டும் என்றால், பாம்பன் பக்கத்துக் குந்துகால் கரையிலிருந்து குருசடைத் தீவுக்கு வனத்துறையே படகில் அழைத்துப் போகிறது. பகலில் போய்ப் பகலிலேயே திரும்ப வேண்டும். காற்று மோசமாக இருந்தால் படகு கிளம்பாது, எனவே முதல் நாளே விசாரித்துவிட்டுப் புறப்படுங்கள். ஆராய்ச்சி, படப்பிடிப்பு என்று தனி வேலை இருப்பவர்கள் ராமநாதபுரத்தில் இருக்கும் பூங்காவின் வன உயிரினக் காப்பாளர் அலுவலகத்தில் முதலில் கேட்கலாம். எந்தத் தீவு, எத்தனை பேர், எந்தப் படகு, என்ன வேலை என்று தெளிவாக எழுதிக்கொண்டு போனால் அலைச்சல் குறையும்.

அப்புறம், போகிற வழியில் எஞ்சின் நின்று தீவோரம் ஒதுங்க நேர்ந்தால் மறைக்க நினைக்காதீர்கள். கடலோரக் காவல்படைக்கு 1554, மரைன் போலீஸ் எனப்படும் தமிழ்நாடு கடலோரப் பாதுகாப்புக் குழுமத்துக்கு 1093. செல்போன் சிக்னல் கரையை விட்டு விலக விலகக் குறையும், அதனால் கோளாறு தெரிந்த உடனேயே கூப்பிட்டுவிடுங்கள்.