0.5 இற்கும் 0.50 இற்கும் ஒரே இடம்தான்

கிளிநொச்சிச் சந்தையில் அரைக் கிலோ வெங்காயம் கேட்டால் டிஜிட்டல் தராசில் 0.500 என்று காட்டும். கால் கிலோ என்றால் 0.250. அம்மாவோடு சந்தைக்குப் போகிற பிள்ளை இதை எத்தனையோ தரம் பார்த்திருக்கும். அதே பிள்ளையிடம் வகுப்பில் 0.5 பெரிதா 0.50 பெரிதா என்று கேட்டால், யோசிக்காமலே 0.50 என்கிறது. "ஐம்பதுதானே சேர் பெரிசு."

வன்னியில் தரம் 6 பிள்ளைகளுக்குக் கணிதம் படிப்பிக்கிறேன். ஒவ்வொரு வருடமும் இந்தப் பதில் வரும். கெட்டிக்காரப் பிள்ளைகளும் இதையே சொல்வார்கள். அதனால் பிழை பிள்ளையிடம் இல்லை என்றே நினைக்கிறேன். நாங்கள் வாசித்துக் காட்டும் விதத்தில் இருக்கிறது. "பூச்சியம் தசம் ஐம்பது" என்று நாங்களே வாசிக்கிறோம். ஐம்பது என்று காதில் விழுந்த பிறகு, அது ஐந்தைவிடப் பெரிதில்லை என்று பிள்ளை எப்படி நம்பும்? இதே காரணத்தால்தான் 0.45 ஐ 0.5 ஐவிடப் பெரிது என்றும் எழுதுகிறார்கள். "பூச்சியம் தசம் ஐந்து பூச்சியம்" என்று ஒவ்வொரு இலக்கமாக வாசிக்க வேண்டும். வீட்டில் சொல்லிக் கொடுக்கிற பெற்றோரும் தயவுசெய்து இப்படியே வாசியுங்கள்.

எங்கள் காலத்தில் காசு கைகொடுத்தது. 50 சதம் என்றால் ரூபாயில் பாதி என்பதைக் கடையிலேயே படித்தோம். இன்றைய பிள்ளைகளில் அனேகம் பேர் சதக் காசைக் கையால் தொட்டதே இல்லை.

முன்பு நானும், "தசமத்தின் கடைசியில் பூச்சியம் போட்டால் பெறுமானம் மாறாது" என்று பலகையில் எழுதி, பாடமாக்க விட்டிருக்கிறேன். அடுத்த கிழமை கொப்பிகளைத் திருத்தும்போது ஒரு பிள்ளை 0.5 = 0.05 என்று எழுதியிருந்தது. இன்னொன்று 5 = 50 என்று. விதி நினைவில் இருந்தது, காரணம் போய்ச் சேரவில்லை. அது மனதுக்குக் கஷ்டமாக இருந்தது.

அதற்குப் பிறகு ஒரு கம்போடுதான் இந்தப் பாடத்துக்குப் போகிறேன். நேரான பூவரசங்கம்பு, சரியாக ஒரு மீற்றர். ஒரு பக்கத்தைச் சீவி 10 சம பங்காகக் கோடு போட்டிருக்கிறேன். மறுபக்கத்தில் 100 பங்கு. பத்துப் பங்குப் பக்கத்தில் ஐந்தாவது கோட்டில் ஒரு றப்பர் பட்டியை மாட்டச் சொல்வேன். அது பத்தில் ஐந்து, 0.5. சரி, இப்போது பட்டியை அசைக்காமல் கம்பைத் திருப்பு. பிள்ளை விரலை வைத்து எண்ணிக்கொண்டு போகும். ஐம்பதாவது கோட்டில் பட்டி நிற்கும். நூறில் ஐம்பது, 0.50. துண்டுகள் பத்து மடங்கு சிறிதாகின, எண்ணிக்கை பத்து மடங்கு கூடியது, இடம் மாறவில்லை. சமவலுப் பின்னத்தில் படித்த 5/10 = 50/100 இதுதான் என்று அப்போது சொன்னால் உடனே பிடித்துக்கொள்வார்கள்.

அடுத்து 0.05 இல் பட்டியை மாட்டச் சொல்ல வேண்டும். இதை விடவே கூடாது. நூறில் ஐந்து என்று தேடிப் போகிற கை கம்பின் தொடக்கத்திலேயே நின்றுவிடும், முதல் பத்துச் சென்ரிமீற்றரைக்கூடத் தாண்டாது. பூச்சியம் கடைசியில் வந்தால் ஐந்து தன் இடத்திலேயே இருக்கும், தசமப் புள்ளிக்கும் ஐந்துக்கும் நடுவில் வந்தால் ஐந்தை ஓரிடம் பின்னே தள்ளிவிடும். பாணி மருந்து அளக்கும்போதும், வயலுக்கு மருந்து கலக்கும்போதும் இந்த இரண்டையும் மாற்றி வாசித்தால் அளவு பத்து மடங்கு பிழைக்கும்.

போன தவணையில் ஒரு பிள்ளை கேட்டது: "அப்ப 0.500 எங்க சேர்? ஆயிரம் கோடு கீற இந்தக் கம்பு காணாதே." நான் பதில் சொல்லுமுன் பின்வாங்கில் இருந்தவன் எழும்பினான். அவனுடைய அப்பா மேசன். அடுத்த நாள் அவருடைய அளவுநாடாவைக் கொண்டுவந்து கம்போடு சேர்த்துப் பிடித்தான். பட்டி நின்ற இடத்துக்கு நேரே நாடாவில் 500 மில்லிமீற்றர் இருந்தது.