ஃப்ளூரைடு சேர்க்காத பீரும் ஈஸ்ட்டின் பின்வாசலும்

அமெரிக்காவின் உட்டா மாநிலத்தில் வேலை பார்க்கும் வாசகர் ஒருவர் எழுதிக் கேட்டிருந்தார். "எங்கள் ஊரில் குழாய்த் தண்ணீரில் ஃப்ளூரைடு சேர்ப்பதைச் சட்டம் போட்டு நிறுத்திவிட்டார்கள். நிம்மதியாக இருந்தது. அப்புறம்தான் யோசித்தேன், நான் வாரக் கடைசியில் குடிக்கும் பீர் வேறு மாநிலத்திலிருந்து வருகிறது. அங்கே தண்ணீரில் கலக்கிறார்கள். ஃப்ளூரைடு சேர்க்காத தண்ணீரில் தயாரித்த பீரை எப்படிப் பார்த்து வாங்குவது சார்?"

இதற்கு இரண்டு வரியில் பதில் சொல்லிவிடலாம். ஆனால் இந்தக் கேள்விக்குள் எனக்கு மிகவும் பிடித்த ஒரு உயிரியல் சங்கதி இருக்கிறது. அதைச் சொல்லாமல் விட மனம் வரவில்லை.

முதலில் பின்னணி. 1945 ஜனவரியில் மிச்சிகன் மாநிலத்தின் கிராண்ட் ராப்பிட்ஸ் நகரம், உலகிலேயே முதலாவதாக, பல் சொத்தையைக் குறைப்பதற்காகக் குடிநீரில் ஃப்ளூரைடு சேர்க்கத் தொடங்கியது. பல் எனாமலில் இருக்கும் ஹைட்ராக்சிஅபடைட் என்ற தாதுவில் ஹைட்ராக்சைடு இருக்கும் இடத்தில் ஃப்ளூரைடு போய் உட்கார்ந்தால், அந்த எனாமல் அமிலத்துக்கு அவ்வளவு சீக்கிரம் கரையாது. பள்ளியில் படித்ததுதான். இன்று அமெரிக்காவில் பரிந்துரைக்கப்படும் அளவு லிட்டருக்கு 0.7 மில்லிகிராம். 2025இல் உட்டாவும் அதைத் தொடர்ந்து ஃப்ளோரிடாவும் இந்த வழக்கத்தைத் தடை செய்தன. 2024இல் வெளிவந்த அமெரிக்க தேசிய நச்சியல் திட்டத்தின் அறிக்கை, லிட்டருக்கு 1.5 மில்லிகிராமுக்கு மேல் ஃப்ளூரைடு உள்ள இடங்களில் குழந்தைகளின் அறிவுத்திறன் அளவு குறைவாக இருப்பதோடு தொடர்பு தெரிகிறது என்று சொன்னது. 0.7 என்ற அளவில் அப்படி ஆகுமா என்று தீர்மானிக்கப் போதிய தரவு இல்லை என்றும் அதே அறிக்கை சொன்னது. செய்திகளில் முதல் பாதிதான் ஓடியது.

சரி, பீருக்கு வருவோம். பீரில் தொண்ணூறு சதவீதத்துக்கும் மேல் தண்ணீர்தான். எனவே தண்ணீரில் இருக்கும் ஃப்ளூரைடு பீரிலும் இருக்கும். ஆலைக்காரர்கள் தண்ணீரை வடிகட்டுவார்களே என்று கேட்கலாம். வடிகட்டுகிறார்கள், ஆனால் அவர்கள் துரத்துவது குளோரினை. குளோரின் தங்கிவிட்டால் மால்ட்டில் (முளைகட்டி உலர்த்திய பார்லி) உள்ள ஃபீனால்களோடு சேர்ந்து மருந்துக்கடை வாடையைக் கொடுத்துவிடும். அதற்காகக் கரி வடிகட்டி வைப்பார்கள். அந்தக் கரி குளோரினைப் பிடிக்கும், ஃப்ளூரைடைப் பிடிக்காது. ஃப்ளூரைடு அயனி மிகச் சிறியது, தன்னைச் சுற்றி நீர் மூலக்கூறுகளை இறுக்கிக் கட்டிக்கொண்டு கரியைத் தாண்டிப் போய்விடும். கசப்புக்காக ஹாப்ஸ் என்ற பூவைப் போட்டு ஒரு மணி நேரத்துக்கு மேல் கொதிக்க வைக்கிறார்களே, அதில் போகாதா? கொதிக்கும்போது ஆவியாவது தண்ணீர். ஃப்ளூரைடு பாத்திரத்திலேயே நிற்கும், அதனால் அதன் செறிவு கொஞ்சம் கூடத்தான் செய்யும். ஃப்ளூரைடுக்குச் சுவையும் வாசனையும் இந்த அளவில் தெரியாது என்பதால் பீர் தயாரிப்பவர் அதைப் பற்றிக் கவலைப்பட அவருக்குக் காரணம் இல்லை. பாட்டிலின் லேபிளிலும் அது இடம்பெறுவதில்லை.

ஆக, ஃப்ளூரைடு கலந்த இனிப்பான மால்ட் கரைசல் நொதிக்கும் தொட்டிக்குள் இறங்குகிறது. அங்கே காத்திருப்பது ஈஸ்ட். நான் சொல்ல வந்த கதை இங்கேதான் இருக்கிறது.

ஈஸ்ட் சர்க்கரையைத் தின்று ஆல்கஹாலும் கரியமில வாயுவும் தருகிறது. குளுக்கோஸைப் பைருவேட்டாக உடைக்கும் பத்துப் படிகளில் ஒன்பதாவது படியைச் செய்வது எனோலேஸ் என்ற நொதிப்பொருள். அது மக்னீசியம் அயனிகளைக் கையில் பிடித்துக்கொண்டு வேலை செய்கிறது. ஃப்ளூரைடு உள்ளே வந்தால், பாஸ்பேட்டையும் துணைக்குச் சேர்த்துக்கொண்டு அந்த மக்னீசியத்தின் மேல் ஏறி உட்கார்ந்துவிடும். எனோலேஸ் முடங்கும், ஒன்பதாவது படியில் வரிசை நின்றுபோகும்.

இதை நீங்கள் நேரில் பார்த்திருக்கிறீர்கள். சர்க்கரைப் பரிசோதனைக்கு ரத்தம் எடுக்கும்போது சாம்பல் நிற மூடி போட்ட குழாயில் பிடிப்பார்கள். அதற்குள் சோடியம் ஃப்ளூரைடு இருக்கிறது. ரத்த அணுக்கள் குழாய்க்குள் போன பிறகும் குளுக்கோஸைத் தின்றுகொண்டே இருக்கும், ஒரு மணி நேரத்தில் ஐந்தாறு சதவீதம் குறைத்துவிடும். ஃப்ளூரைடு அவற்றின் எனோலேஸை முடக்கி அதைத் தடுக்கிறது. உடனே நிற்காது, கொஞ்ச நேரம் பிடிக்கும். ஆனாலும் மாலையில் வாங்கும் ரிப்போர்ட்டை நம்ப முடிவதில் இந்தக் குழாய்க்குப் பெரிய பங்கு உண்டு.

குழாய்க்குள் போடுவது மிக அதிக அளவு. குடிநீரில் இருப்பதோ 0.7 மில்லிகிராம். அவ்வளவு சொற்பம் ஈஸ்ட்டை என்ன செய்துவிடும் என்று தோன்றும். இங்கேதான் பீரின் புளிப்பு கணக்கை மாற்றுகிறது.

பீரின் பிஎச் மதிப்பு ஏறக்குறைய 4.2. இந்த அமிலத்தன்மையில் ஃப்ளூரைடில் பன்னிரண்டில் ஒரு பங்கு ஹைட்ரஜனோடு சேர்ந்து, மின்னேற்றம் இல்லாத ஹைட்ரஜன் ஃப்ளூரைடாக இருக்கும். செல் சவ்வு கொழுப்பால் ஆனது. மின்னேற்றம் உள்ள அயனியை அது விடாது, மின்னேற்றம் இல்லாத இந்தச் சின்ன மூலக்கூறைத் தாராளமாக விடும். ஆனால் ஈஸ்ட் செல்லுக்குள் பிஎச் நடுநிலையை ஒட்டி இருக்கிறது. உள்ளே வந்த ஹைட்ரஜன் ஃப்ளூரைடு உடனே பிரிந்து மறுபடி ஃப்ளூரைடு அயனி ஆகிவிடும். இப்போது அதற்கு மின்னேற்றம் வந்துவிட்டது, வந்த வழியே திரும்ப முடியாது. வாய்க்கால் மடையில் மீனுக்குப் பறி வைப்பார்களே, அதே கதை. வாய் வழியாக நுழைவது எளிது, உள்ளே போன மீனுக்கு அந்த வாய் கிடைக்காது. வெளியே கொஞ்சம் ஹைட்ரஜன் ஃப்ளூரைடு இருக்கும்வரை இன்னும் இன்னும் உள்ளே வந்துகொண்டே இருக்கும்.

எவ்வளவு சேரும்? வெளியே 4.2, உள்ளே 7 என்று வைத்துக்கொண்டு கணக்குப் போட்டால், உள்ளே இருக்கும் ஃப்ளூரைடு வெளியே இருப்பதைப் போல 600 மடங்கு வரை போகலாம். லிட்டருக்கு 0.7 மில்லிகிராம் என்பது செல்லுக்குள் 400ஐத் தாண்டும்! எனோலேஸை முடக்க அது தாராளமாகப் போதும். அந்தக் கணக்குப்படி ஃப்ளூரைடு கலந்த ஊர்த் தண்ணீரில் பீரே நொதிக்கக் கூடாது. ஆனால் கிராண்ட் ராப்பிட்ஸில் இன்றும் அருமையாக நொதிக்கிறது. ஏன்?

ஈஸ்ட்டின் சவ்வில் ஒரு பின்வாசல் இருக்கிறது. எஃப்இஎக்ஸ் என்று பெயரிட்டிருக்கிறார்கள். ஃப்ளூரைடுக்கென்றே அமைந்த ஒரு துளைப் புரதம் அது. குளோரைடு அதே குடும்பத்து அயனி, செல்லுக்கு உள்ளேயும் வெளியேயும் ஏராளமாகக் கிடப்பது. அதைச் சேர்க்காமல் ஃப்ளூரைடைப் பொறுக்கி வெளியே விடுகிறது. இதற்கு ஆற்றல் செலவழிக்கும் பம்பு எதுவும் வேண்டியதில்லை. ஈஸ்ட் செல்லின் உட்புறம் எப்போதும் எதிர்மின் பக்கமாக இருப்பதால், எதிர்மின் அயனியான ஃப்ளூரைடைச் செல்லே வெளியே தள்ளுகிறது. கதவு திறந்திருந்தால் போதும், அது தானாகப் போய்விடும். மற்ற பல நஞ்சுகளுக்கு, ஆபத்து வந்த பிறகுதான் ஈஸ்ட் கதவைச் செய்து வைக்கும். இந்தக் கதவை மட்டும் எந்நேரமும் தயாராக வைத்திருக்கிறது. அதற்கான மரபணுவும் ஏறத்தாழ ஒரே மாதிரி இரண்டு பிரதிகளாக இருக்கிறது. இரண்டையும் நீக்கிவிட்டால் ஈஸ்ட் ஃப்ளூரைடுக்கு நூற்றுக்கணக்கான மடங்கு பலவீனமாகிவிடுகிறது. ஒரு செல் உயிர் எதைக் கண்டு பயந்தே வளர்ந்தது என்பதை அதன் சவ்வைப் பார்த்தே சொல்லிவிடலாம் போலிருக்கிறது. இதைப் படித்த அன்று இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை, அவ்வளவு சந்தோஷம்.

19ஆம் நூற்றாண்டின் கடைசியில் பெல்ஜியத்தில் ழான் எஃப்ரோன் என்ற வேதியியலாளர் இதன் விளைவை மட்டும் பார்த்துவிட்டார். வடிசாலைத் தொட்டிகளில் வேண்டாத பாக்டீரியாக்களை அடக்க ஃப்ளூரைடைச் சேர்த்து, ஈஸ்ட்டை அதற்குப் படிப்படியாகப் பழக்கினார். பாக்டீரியா ஒடுங்கியது, ஈஸ்ட் பிழைத்தது. ஏன் பிழைத்தது என்று தெரிய நூறு வருடத்துக்கு மேல் ஆயிற்று.

அது தெரியவந்த விதத்தையும் சொல்லியாக வேண்டும். யாரும் பீருக்காகவோ பல்லுக்காகவோ தேடவில்லை. யேல் பல்கலைக்கழகத்தில் ரொனால்ட் பிரேக்கரின் குழு, பாக்டீரியாக்களில் என்ன வேலை செய்கிறது என்றே தெரியாத ஒரு ஆர்என்ஏ துண்டை ஆராய்ந்துகொண்டிருந்தது. அது ஃப்ளூரைடை உணரும் சுவிட்ச் என்று 2012இல் அறிவித்தார்கள். ஆர்என்ஏ எதிர்மின் ஏற்றம் கொண்டது, ஃப்ளூரைடும் அப்படியே. ஒன்றையொன்று விலக்க வேண்டிய இரண்டும் நடுவில் மூன்று மக்னீசியம் அயனிகளை வைத்துச் சேர்ந்திருந்தன. அந்த நூலைப் பிடித்துப் போனபோதுதான் பாக்டீரியாவின் ஃப்ளூரைடு வாசல்களும், அடுத்த ஆண்டே ஈஸ்ட்டின் வாசலும் கிடைத்தன. "இதனால் என்ன பயன்?" என்று முதல் விண்ணப்பத்திலேயே கேட்டுப் பணத்தை மறுத்திருந்தால் இது எதுவும் நமக்குத் தெரிந்திருக்காது. நம் ஊரில் ஆய்வு மாணவர்கள் உதவித்தொகைக்காக மாதக்கணக்கில் காத்திருக்கும்போது எனக்கு இந்த ஆர்என்ஏ துண்டுதான் ஞாபகத்துக்கு வருகிறது. உடனடிப் பயன் கேட்காத ஆராய்ச்சிக்குப் பணம் ஒதுக்குவதை நான் செலவு என்று நினைக்கவில்லை.

இப்போது வாசகரின் கேள்வி. ஈஸ்ட் ஃப்ளூரைடை வெளியே தள்ளுகிறது என்றால் அது பீருக்குள்தான் தள்ளுகிறது. ஆகவே நொதித்தலால் ஃப்ளூரைடு காணாமல் போய்விடாது. தண்ணீரைத்தான் பார்க்க வேண்டும்.

நீங்கள் பார்க்க வேண்டியது பிராண்டின் பெயரை அல்ல, தயாரித்த ஊரை. ஒரே பீரைப் பல ஊர்களில் தயாரிக்கிறார்கள், ஐரோப்பியப் பெயர் இருக்கும், தண்ணீர் உள்ளூர்க் குழாயில் வந்திருக்கும். லேபிளின் அடியில் பொடி எழுத்தில் ஊர் இருக்கும், அதைத் தேடுங்கள். அமெரிக்காவுக்குள் என்றால் ஒரேகான் மாநிலத்தின் போர்ட்லாண்ட் நல்ல உதாரணம். பீர் ஆலைகளுக்குப் பேர்போன அந்த நகரம் புல் ரன் காட்டு நீர்ப்பிடிப்புப் பகுதியிலிருந்து வரும் மென்னீரைக் குடிக்கிறது. ஃப்ளூரைடு சேர்க்கும் திட்டத்தை 2013 மே மாதம் வாக்கெடுப்பில் அந்த ஊர் மக்கள் நிராகரித்தார்கள். ஜெர்மனியில் குடிநீரில் சேர்ப்பதில்லை, வேண்டியவர்கள் ஃப்ளூரைடு கலந்த உப்பைக் கடையில் வாங்கிக்கொள்கிறார்கள். நெதர்லாந்து 1970களில் நிறுத்திவிட்டது. எனவே அந்த நாடுகளிலேயே தயாராகி வரும் பீர் உங்கள் நிபந்தனைக்குப் பொருந்தும். மறுபக்கம் அயர்லாந்தில் 1964 முதலும் சிங்கப்பூரில் 1950களிலிருந்தும் பொதுக் குடிநீரில் சேர்த்து வருகிறார்கள். அங்கே தயாராகும் பீரைப் பற்றி ஆலையிடம் கேட்டுத்தான் தெரிந்துகொள்ள முடியும், ஏனென்றால் ஆர்.ஓ. வைத்திருக்கும் ஆலை எந்த ஊரிலும் இருக்கலாம். ஆர்.ஓ. சவ்வு ஃப்ளூரைடில் பெரும்பகுதியை நிறுத்திவிடும். அதன்பின் தங்களுக்கு வேண்டிய உப்புகளை அவர்களே அளந்து சேர்த்துக்கொள்வார்கள்.

ஆனால் "சேர்க்காத" என்ற சொல்லை நம்பி ஏமாந்துவிடாதீர்கள். சேர்க்காத தண்ணீர் வேறு, ஃப்ளூரைடு இல்லாத தண்ணீர் வேறு. இந்தியாவில் யாரும் குடிநீரில் ஃப்ளூரைடு கலப்பதில்லை. ஆனாலும் தருமபுரியிலும் கிருஷ்ணகிரியிலும் பாறைகளே அதை நிலத்தடி நீரில் கரைத்துவிட்டு, தலைமுறை தலைமுறையாகப் பல்லையும் எலும்பையும் கெடுத்தன. அன்றைய சென்னை மாகாணத்தில் நெல்லூர்ப் பகுதியில் எலும்பு வளைந்து முடங்கிய கிராமத்து மக்களைப் பற்றி மருத்துவர்கள் 1937இலேயே எழுதிவிட்டார்கள். ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் காவிரி நீரைக் கொண்டுவந்ததே இதற்காகத்தான். கிணற்றின் ஃப்ளூரைடு அயனிக்கும் நகராட்சி கலந்த ஃப்ளூரைடு அயனிக்கும் எந்த வித்தியாசமும் கிடையாது. இயற்கையாக வந்தது நல்லது, மனிதன் போட்டது கெட்டது என்பது வேதியியல் அல்ல, நம்பிக்கை. "ஊற்று நீரில் தயாரித்தது" என்று பாட்டிலில் போட்டிருந்தாலும் அளவைக் கேளுங்கள்.

எவ்வளவு ஃப்ளூரைடைப் பற்றிப் பேசிக்கொண்டிருக்கிறோம் என்பதையும் பார்த்துவிடலாம். முழு அளவு கலந்த தண்ணீரில் செய்த 355 மில்லிலிட்டர் கேன் ஒன்றில் கால் மில்லிகிராம். பட்டாணி அளவு பற்பசையிலும் ஏறக்குறைய அவ்வளவே, ஆனால் அதை நாம் துப்பிவிடுகிறோம். அமெரிக்க வேளாண் துறையின் அளவீடுகளில் பீருக்குச் சராசரி லிட்டருக்கு அரை மில்லிகிராமுக்குச் சற்றுக் கீழே. கறுப்புத் தேநீருக்கு மூன்றரைக்கும் மேல். தேயிலைச் செடி மண்ணிலிருந்து ஃப்ளூரைடை இழுத்து இலையில் சேர்த்து வைக்கும் பழக்கமுள்ளது. பீரை மாற்றிவிட்டு நாளுக்கு நான்கு டம்ளர் டீ குடிப்பவர் எதையும் குறைத்துக்கொள்ளவில்லை.

இன்னொன்றையும் வெளிப்படையாகச் சொல்கிறேன். அந்தக் கேனில் ஐந்து சதவீதம் ஆல்கஹால் இருக்கிறது. மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கும் என்று உறுதியான பொருட்களின் பட்டியலில் உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு ஆல்கஹால் பானங்களை வைத்திருக்கிறது. கால் மில்லிகிராம் ஃப்ளூரைடுக்காக லேபிளைத் திருப்பிப் பார்க்கும் நண்பர், அந்த ஐந்து சதவீதத்தையும் பார்க்க வேண்டும் என்பது என் ஆசை.

அப்படியும் உங்களுக்குச் சேர்க்காத பீர்தான் வேண்டுமென்றால், அது உங்கள் விருப்பம், அதில் தவறில்லை. பிடித்த பீரின் ஆலைக்கு ஒரு மின்னஞ்சல் அனுப்புங்கள். இந்தக் கேன் எந்த ஊரில் தயாரானது, தண்ணீர் நகராட்சியுடையதா சொந்தக் கிணறா, ஆர்.ஓ. உண்டா, கடைசிப் பரிசோதனையில் ஃப்ளூரைடு எவ்வளவு என்று கேளுங்கள். சிறிய ஆலைகளில் பீர் தயாரிப்பவர்களுக்குத் தண்ணீரைப் பற்றிப் பேசுவதென்றால் கொள்ளைப் பிரியம், பெரும்பாலும் முழுப் பட்டியலையே அனுப்பிவிடுவார்கள். வந்தால் எனக்கும் ஒரு நகல் அனுப்புங்கள்.