எண்டர் தட்டிய வரி எங்கே போகிறது?

சேலம் செவ்வாய்ப்பேட்டை வெள்ளிக் கொலுசுக் கடை ஒன்றின் ஆர்டர் பக்கத்தை எடுத்துக்கொள்வோம். குறிப்புப் பெட்டியில் வாடிக்கையாளர் "அளவு 10" என்று எழுதி, எண்டர் தட்டி, அடுத்த வரியில் "5 ஜோடி, மணி வேண்டாம்" என்கிறார். பட்டறைக்காரர் திரையில் அதுவே "அளவு 10 5 ஜோடி, மணி வேண்டாம்" என்று ஒரே வரியாக வருகிறது. பத்தரை அங்குலம், ஒரு ஜோடி என்று அவர் எடுத்துக்கொண்டால் குற்றம் யாருடையது? பக்கத்தைச் செய்தவருடையது.

அந்த வரிமுறிவு தொலையவில்லை. டேட்டாபேஸில் பத்திரமாக இருக்கிறது. பக்கத்தின் மூல எழுத்தைக் காட்டும் வியூ சோர்ஸில் பார்த்தாலும் தெரியும். பக்கத்தை எழுதும் மொழியான எச்டிஎம்எல்லில் எத்தனை ஸ்பேஸ், எத்தனை எண்டர் இருந்தாலும் பிரவுசர் ஒற்றை இடைவெளியாகத்தான் காட்டும். அதன் வழக்கமே அது.

சர்வரில் ஓடும் பிஎச்பி மொழியில் இதற்கென்றே என்எல்2பிஆர் என்ற ஃபங்ஷன் இருக்கிறது. ஒவ்வொரு வரிமுறிவுக்கும் முன்னால் பிரவுசரை அடுத்த வரிக்குப் போகச் சொல்லும் ஒரு பிஆர் டேக் சேர்க்கும். ஆனால் முதலில் எச்டிஎம்எல்ஸ்பெஷல்சார்ஸ் (டேக் குறிகளை வெறும் எழுத்தாக்கி எஸ்கேப் செய்யும் ஃபங்ஷன்), அப்புறம்தான் என்எல்2பிஆர். மாற்றிப் போட்டால் பிஆர் என்ற எழுத்துகளே திரையில் வந்து நிற்கும். அதைப் பார்த்ததும் "எஸ்கேப் பண்ணுறதுதான் பிரச்சினை" என்று அந்த வரியையே தூக்கிவிடுகிறார்கள் பாருங்கள், ஆபத்து அங்கேதான். குறிப்புப் பெட்டியில் எவரோ ஒரு ஸ்கிரிப்டை எழுதி அனுப்பினால், கடைக்காரர் அட்மின் பக்கத்தைத் திறந்ததும் அது ஓடும். பிரவுசரில் ஓடும் ஜாவாஸ்கிரிப்டில், எழுத்தை டேக்குகளாகவே எடுத்துக்கொள்ளும் இன்னர்எச்டிஎம்எல்லுக்குள் அப்படியே கொட்டுவதும் இதே மாதிரி ஆபத்துதான்.

என் கட்சி, பக்கத்தின் தோற்றத்தைத் தீர்மானிக்கும் சிஎஸ்எஸ். எஸ்கேப் செய்த எழுத்தை அப்படியே அச்சிட்டு, அதைக் காட்டும் டப்பாவுக்கு ஒயிட்-ஸ்பேஸ் பிரீ-லைன் என்று ஒரு வரி போட்டால் வேலை முடிந்தது. ஸ்பேஸ்களும் தட்டியபடியே வேண்டுமென்றால் பிரீ-ராப்.

பிஆரைச் சேர்த்தே டேட்டாபேஸில் சேமிக்கும் பழக்கம் மட்டும் வேண்டாம். நாளைக்கு அதே குறிப்பு எஸ்எம்எஸ்ஸுக்கும் எக்செலுக்கும் போகும்போது டேக்கும் கூடவே ஒட்டிக்கொண்டு போகும். தட்டியது தட்டியபடி இருக்கட்டும். காட்டும் இடத்தில் மாற்றிக்கொள்ளலாம்.

நீள வரம்பையும் கவனியுங்கள். ஃபார்ம் அனுப்பும்போது ஒவ்வொரு எண்டரும் 13, 10 என்ற எண்கள் கொண்ட இரண்டு குறிகளாகப் போகிறது; பெட்டியின் எழுத்து வரம்பான மேக்ஸ்லெங்த் அதை ஒன்றாகத்தான் எண்ணுகிறது. 200 எழுத்து வரம்புக்குள் சரியாக எழுதியவரை சர்வர் திருப்பி அனுப்பும். அவருக்குக் காரணம் புரியாது. வந்ததும் இரண்டையும் ஒன்றாக்கிவிட்டு எண்ணுங்கள்.

மின்னஞ்சலுக்கு மட்டும் நானும் பிஆர் பக்கம் போய்விடுவேன். சிஎஸ்எஸ்ஸை ஒவ்வொரு மெயில் செயலியும் ஒவ்வொரு விதமாக மதிக்கும். ஏற்காட்டு ஹோம்ஸ்டேக்காரர் இருபதாவது கொண்டை ஊசி வளைவுக்கு அப்புறம் எங்கே திரும்ப வேண்டும் என்று மெயிலில் வரிவரியாக எழுதிக் கொடுத்ததை, வண்டி ஓட்டி வருபவர் ஒரே பத்தியாகப் படித்துக்கொண்டிருக்க முடியாது.