வலிக்கிற முழங்கைக்கு எடை எதற்கு?

"டென்னிஸ் எல்போ என்று சொல்லிவிட்டு, அரைக் கிலோ டம்பெல்லைக் கையில் கொடுத்து ஏற்றி இறக்கச் சொல்கிறார் பிசியோதெரபிஸ்ட். வலிக்கிற கைக்கு ஓய்வுதானே கொடுக்கணும்?" என்று கேட்டிருக்கிறார் ஒரு வாசகர். தையல் கடைக்காரர். நாள் முழுக்கக் கத்தரிக்கோல் பிடிக்கிற கை. டென்னிஸ் மட்டையைத் தொட்டதே இல்லையாம். தொட வேண்டியதில்லை, இந்த வலியோடு வருபவர்களில் பெரும்பாலோர் டென்னிஸ் ஆடாதவர்கள்தான். 2004-ல் சச்சின் டெண்டுல்கருக்கு வந்தபோதுதான் இந்தப் பெயர் நம்மூரில் வீட்டுக்கு வீடு தெரிந்தது. அவருக்கு மறு வருடம் அறுவை சிகிச்சை வரை போனது. பெரும்பாலானவர்களுக்கு அது தேவைப்படுவதில்லை.

ஒரு சின்னச் சோதனை. இடது கை விரல்களை வலது முன்கையின் மேல்புறம், முழங்கைக்குச் சற்றுக் கீழே வையுங்கள். இப்போது வலது கை விரல்களை இறுக்கி முஷ்டி பிடியுங்கள். விரல்களுக்கு அடியில் தசை திரள்கிறதா? அது மணிக்கட்டைப் பின்னால் தூக்கும் தசை. விரல்கள் மடங்கும்போது மணிக்கட்டும் சேர்ந்து உள்பக்கம் மடங்கப் பார்க்கும். அதை மடங்கவிடாமல் பிடித்து வைப்பது இந்தத் தசைதான். கத்தரிக்கோல், ஸ்பானர், பிழிகிற ஈரத்துணி எல்லாவற்றுக்கும் இதே கதை. அத்தனை இழுப்பும் போய்ச் சேர்வது, இந்தத் தசையை முழங்கையின் வெளிப்பக்க எலும்பு முண்டோடு கட்டிவைக்கும் தசைநாணில்.

அங்கே வீக்கம், அழற்சி என்றுதான் வெகுகாலம் நினைத்தார்கள். 1979-ல் நிர்ஷல், பெட்ரோன் என்ற இரண்டு அமெரிக்க மருத்துவர்கள், அறுவை சிகிச்சையில் எடுத்த திசுவில் அழற்சி செல்களை விட வேறொன்றைத்தான் கண்டார்கள்: தாறுமாறாகக் கிடந்த கொலாஜன் (தசைநாணின் இழைகளாக இருக்கும் புரதம்), புதிதாய் முளைத்த நுண் ரத்தக் குழாய்கள். பழுதுபார்க்கும் வேலை தொடங்கி, ஒழுங்காக முடியாமல் நின்றுபோன இடம் அது.

எனக்கு மிகவும் பிடித்த பகுதி இனிமேல்தான். நல்ல தசைநாணில் கொலாஜன் இழைகள் தேர்வடத்துப் புரிகளைப் போல ஒரே திசையில் ஓடும். இழைகளுக்கு நடுவே ஒல்லியான செல்கள் வரிசையாகப் படுத்திருக்கும். புதுக் கொலாஜன் செய்வது அவைதான். ஒவ்வொரு செல்லின் உறையிலும் இன்டெக்ரின் என்ற புரதம் ஊடுருவி நிற்கிறது. அதன் வெளி முனை கொலாஜனைப் பற்றியிருக்கும். உள் முனை செல்லுக்குள் இருக்கும் சட்டகத்தோடு இணைந்திருக்கும். இழை இழுபட்டால் செல்லும் இழுபடும். அந்த இழுப்பு வேதிச் சமிக்ஞையாக மாறி உட்கரு வரை போகிறது, கொலாஜனுக்கான மரபணுக்கள் வேலையைத் தொடங்குகின்றன. புது இழைகள் எந்தப் பக்கம் அடுக்கப்பட வேண்டும் என்பதையும் இழுப்பின் திசையே காட்டுகிறது. கையைக் கட்டித் தொங்கவிட்டு மாதக்கணக்கில் வைத்திருந்தால் இந்தச் செய்தி செல்லுக்குப் போவதே இல்லை.

அதனால்தான் டம்பெல். முன்கையை மேசைமேல் வைத்து, உள்ளங்கை கீழ்நோக்கி, மணிக்கட்டு விளிம்புக்கு வெளியே இருக்க வேண்டும். மற்றக் கையால் எடையை மேலே தூக்கிவிட்டு, வலிக்கும் கையால் நாலைந்து விநாடி மெதுவாக இறக்க வேண்டும். டம்பெல் இல்லையா, அரை லிட்டர் தண்ணீர் பாட்டில் போதும். செய்யும்போது லேசாக வலிக்கலாம். மறுநாளும் வலி ஏறியே இருந்தால் எடை அதிகம். ஒரு விஷயம்: பயிற்சிக்குப் பின் முதல் நாளில் கொலாஜன் சிதைவதே அதிகம், கட்டுமானம் முந்துவது ஏறத்தாழ 36 மணி நேரத்துக்கு அப்புறம். பலமாகச் செய்த மறுநாள் கொஞ்சம் விட்டுப்பிடியுங்கள். வாரங்கள் ஆகும், பொறுமை வேண்டும்.

சரி, ஒரே ஊசியில் போகாதா? ஸ்டீராய்டு ஊசி முதல் சில வாரங்கள் அற்புதமாகத்தான் கேட்கும். ஆஸ்திரேலியாவில் 165 பேரிடம் நடந்து 2013-ல் வெளியான ஆய்வில், ஸ்டீராய்டு போட்டவர்களில் 54 சதவீதம் பேருக்கு ஓராண்டுக்குள் வலி திரும்பியது. ஒப்பிட்டுப் பார்க்க மருந்தில்லாத போலி ஊசி போட்டவர்களில் 12 சதவீதம் பேருக்குத்தான்.

இன்னொரு உண்மையையும் சொல்லிவிட வேண்டும். எதுவுமே செய்யாமல் விட்டாலும் பெரும்பாலோருக்கு ஓராண்டில் குணமாகிவிடுகிறது. பயிற்சியின் பெரிய லாபம், சீக்கிரம் கை தேறுவது. மந்திரித்த கயிற்றுக்கும், சுளுக்கு எடுப்பவருக்கும், ஆயிரக்கணக்கில் பிடுங்கும் சில மின்கருவிகளுக்கும் நல்ல பெயர் வாங்கித் தருவது இந்தத் தானாக ஆறும் குணம்தான். இந்த எளிய பயிற்சிகளுக்குப் பலன் உண்டா என்று சோதிக்கவோ பணம் கிடைப்பதில்லை. ரப்பர் தடியை முறுக்கும் பயிற்சியைப் பற்றி நியூயார்க்கில் நடந்து 2010-ல் வந்த, இன்றும் பலர் காட்டும் ஆய்வில் இருந்தது வெறும் 21 பேர். தண்ணீர் பாட்டிலுக்குக் காப்புரிமை வாங்க முடியாதே, எந்த நிறுவனம் செலவு செய்யும்? அரசுதான் செய்ய வேண்டும் என்பது என் கட்சி.

தையல்காரருக்கு இன்னும் இரண்டு. பையையோ துணிக்கட்டையோ தூக்கும்போது உள்ளங்கை மேல்நோக்கி இருக்கட்டும். அந்தத் தசைக்குப் பாரம் குறையும். விரல் மரத்துப்போனாலோ கழுத்திலிருந்து வலி இறங்கினாலோ இது நரம்புப் பிரச்சினையாக இருக்கலாம். அப்போது பாட்டிலை வைத்துவிட்டு மருத்துவரைப் பாருங்கள்.