"அண்ணே, எப்போ அப்பீல் போடலாம்?"

தென்னாப்பிரிக்காவின் டர்பனில் வக்கீலாக விவாகரத்து வழக்குகள் பார்க்கிறேன். ரூல் 43 உத்தரவு (விவாகரத்து வழக்கு முடியும்வரை உயர்நீதிமன்றம் தரும் இடைக்கால உத்தரவு) வந்த மறுநாள் காலையில் போன் அடித்தால், கேள்வி அநேகமாக இதுதான்.

போட முடியாது. வழக்கு முடியும்வரை தரவேண்டிய ஜீவனாம்சம், வழக்குச் செலவுக்கான பங்கு, பிள்ளை யாரிடம் இருப்பது, மற்றவர் எப்போது பார்ப்பது: இவற்றுக்கான இடைக்கால உத்தரவுகளுக்கு அப்பீல் கிடையாது என்கிறது 2013-ஆம் ஆண்டின் உயர்நிலை நீதிமன்றங்கள் சட்டம், பிரிவு 16(3). அந்தப் பிரிவு செல்லாது என்று ஒருவர் அரசியல் சாசன நீதிமன்றம் வரை போனார். செல்லும் என்று 2019 ஜூனில் தீர்ப்பு வந்துவிட்டது.

டர்பனின் சாட்ஸ்வர்த் பகுதியிலிருந்து வந்த ஒருவர் கதையைச் சொல்கிறேன் (அடையாளம் மாற்றியிருக்கிறேன்). மனைவியின் மனு கைக்கு வந்தபின் பதில் தர 10 நாள். "கோர்ட்டுல நேர்ல சொல்லிக்கலாம்" என்று ஒன்பது நாளை ஓட்டிவிட்டு வந்தார். ரூல் 43-இல் பெரும்பாலும் காகிதம்தான் பேசும். சாட்சிக் கூண்டெல்லாம் அபூர்வம். அவசரத்தில் எழுதிய பிரமாணப் பத்திரத்தில் வங்கிக் கடன் தவணையே விட்டுப்போனது. உத்தரவுத் தொகையைப் பார்த்து ஆடிப்போனார்.

விட்டுப்போன தவணையைக் காட்டி உத்தரவை மாற்றக் கேட்டால் நடக்காது. ரூல் 43(6) கேட்பது, உத்தரவுக்குப் பிறகு நிலைமையில் வந்த பெரிய மாற்றம். வேலை போவது, பிள்ளை ஒரு வீட்டிலிருந்து இன்னொரு வீட்டுக்கு மாறுவது போன்றவை. வழக்குச் செலவுக்குக் கொடுத்த பணம் போதாமல் போனாலும் கேட்கலாம். அப்பட்டமான அநியாயம் என்றால் நீதிமன்றம் தன் சொந்த அதிகாரத்தில் திருத்தலாம் என்று அதே 2019 தீர்ப்பு ஒரு சிறு ஜன்னலைத் திறந்து வைத்தது. அதை நம்பி எவரையும் நான் செலவு செய்ய விடுவதில்லை.

அப்புறம் அவர், "சரி, பாதிதான் கட்டுவேன்" என்றார். அங்கேதான் சத்தம் போட்டேன். மாற்றும்வரை உத்தரவு உத்தரவுதான். வேண்டுமென்றே கட்டாவிட்டால் நீதிமன்ற அவமதிப்பு, ஜெயில் வரை போகும்.

முணுமுணுத்துக்கொண்டே கட்டினார். ஏழு மாதம் கழித்துத் தொழிற்சாலையில் ஓவர்டைம் நின்றது. இந்தமுறை முதலாளியின் கடிதம், மூன்று மாதச் சம்பளச் சீட்டு, வங்கிக் கணக்கு விவரம் எல்லாம் ஒரு பையில் போட்டு, நான் கூப்பிடுவதற்கு முன்பே வாசலில் நின்றார்.